நாலு கட்டமும் ஒரு நாயும்

எம்பிஏ இரண்டாம் ஆண்டில் ஒரு தாள் வரும். பெயர் ஸ்ட்ராடஜிக் மேனேஜ்மெண்ட். அதுவரை தனித்தனியாகப் படித்த கணக்கு, மார்க்கெட்டிங், மனிதவளம், உற்பத்தி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, கம்பெனியின் உச்சியில் ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொல்லித்தரும் மகுடத் தாள் என்று சிலபஸ் பெருமைப்பட்டுக்கொள்ளும். முதல் வகுப்பிலேயே பேராசிரியர் சொல்லிவிடுவார்: "இனிமே நீங்க எல்லாரும் ஒரு சிஇஓ மாதிரி யோசிக்கணும்." அறுபது தலைகள் ஆடும். அந்த அறுபது வீடுகளில் ஒன்றில்கூட சிஇஓ கிடையாது. ஒருத்தியின் அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். இன்னொருவனின் அப்பாவுக்கு அரியலூரில் சின்ன உரக்கடையும் ஒரு ஓட்டு வீடும். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் வேண்டும் என்பது வங்கிகளின் வழக்கம். ஓட்டு வீட்டின் பத்திரம் வங்கிக்குப் போய்விட்டது. பையன் சிஇஓ மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிறான்.

என்னத்தை யோசிக்கிறான்? ஐந்து விசைகளை. 1979-இல் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தவை அவை. ஒரு தொழிலில் லாபம் ஏன் தங்குகிறது, ஏன் கரைகிறது என்று கேட்ட நல்ல கட்டுரைதான். அதை நம் ஊரில் நடுவில் ஒரு பெட்டி, சுற்றிலும் நாலு பெட்டி, அம்புக்குறிகள் என்று சுருக்கி, முக்கியமான கேள்வி என்று ஸ்டார் போட்டு ஜெராக்ஸ் கடையில் விற்கிறார்கள். படத்துக்குத் தனி மார்க். அம்பின் முனை உள்ளே பார்க்க வேண்டுமா வெளியே பார்க்க வேண்டுமா என்பதில் மாடல் எக்ஸாமில் சண்டையே நடக்கும்.

அடுத்தது ஸ்வாட். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். இதைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடத்தினால், தமிழ்த்துறையிலிருந்து வரவழைக்கப்பட்ட சிறப்பு விருந்தினர் "இது வள்ளுவத்திலேயே இருக்கிறது" என்று முழங்குவார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களைச் சொல்வார். கைதட்டல் வரும். வள்ளுவர் அதே பொருட்பாலில் கொடுங்கோன்மை என்றும் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். மேனேஜ்மெண்ட் கருத்தரங்கில் அதை யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாவதாக வருவதுதான் எனக்குப் பிடித்தது. பிசிஜி மேட்ரிக்ஸ். பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தை 1963-இல் தொடங்கிய புரூஸ் ஹென்டர்சன் 1970-இல் உலகுக்கு அளித்த நாலு கட்டம். சந்தை வளர்கிறது, நம் பங்கும் பெரியது என்றால் நட்சத்திரம். சந்தை வளரவில்லை, பங்கு மட்டும் பெரியது என்றால் கறவை மாடு. சந்தை வளர்கிறது, பங்கு சின்னது என்றால் கேள்விக்குறி. இரண்டும் இல்லையென்றால் நாய்.

மாட்டைக் கறந்து நட்சத்திரத்துக்கு ஊட்டு. கேள்விக்குறியை யோசி. நாயை விரட்டு. இதுதான் சாரம். ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் தலைவிதியை ஒரு ஏ4 தாளில் நாலாக மடித்துக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சக மாணவனை நாய் என்று திட்டினால் வாத்தியார் வெளியே நிறுத்துவார். முதுகலை வகுப்பில் ஐயாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையை நாய் என்று சொன்னால் மார்க் போடுவார்.

கட்டத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் ஸ்லைடில் தெரியாது.

ஒரு கல்லூரியில் ப்ராஜெக்ட் வைவாவுக்கு வெளியாளாக உட்காரும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. எத்தனையோ குழுக்கள், எல்லோருக்கும் ஒரே பிரேதம்: நோக்கியா. எல்லோருடைய முதல் ஸ்லைடிலும் அந்தப் பழைய போனின் படம். எல்லோருடைய முடிவும் ஒன்றே: ஐபோன் வந்ததை நோக்கியா கவனிக்கவில்லை, சிம்பியன் என்ற பழைய மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழுதது, ஆண்ட்ராய்டுக்கு மாறவில்லை, செத்தது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் பின்லாந்து நிர்வாகிகளின் மடமையை எண்ணி உச்சுக்கொட்டினார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தப் போனையெல்லாம் எங்கே தயாரிச்சாங்க?" ஒரு பையன் கொஞ்சம் யோசித்து, "சைனாவா சார்?" என்றான். அந்தக் கல்லூரியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு டவுன் பஸ் போகிறது.

பையன் மேல் கோபமில்லை. அவனுக்குக் கொடுத்த கேஸ் ஸ்டடியில் ஸ்ரீபெரும்புதூர் இல்லை. ஆகவே சிலபஸுக்கு வெளியே கொஞ்சம் சொல்கிறேன்.

2006-இல் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உலகத்திலேயே அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. உச்சத்தில் நேரடியாக மட்டும் எட்டாயிரம் பேர் அளவுக்கு வேலை செய்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், அதுவும் ப்ளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். ஷிப்ட் பஸ் ஊருக்குள் வந்து ஏற்றிப்போகும். அந்தச் சம்பளத்தில் தங்கச்சிகள் படித்தார்கள், வீட்டுக்குக் கூரை மாறியது, நகை மீண்டது. 2010-இல் ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் கழுத்து சிக்கிச் செத்துப்போனார். அதுவும் எந்த கேஸிலும் இல்லை. போர்ட்டரின் ஐந்து விசைகளில் எந்த விசை அந்தக் கழுத்தை நெரித்தது என்று யாராவது ஒரு கேள்வியாகக் கேட்டால் நல்லது.

2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீபன் எலாப் என்பவர் நோக்கியாவுக்குத் தலைவராக வந்தார். 2011 பிப்ரவரியில், நாம் எரிகிற மேடையில் நிற்கிறோம் என்று ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மேலாண்மை வகுப்புகள் கொண்டாடும் கடிதம் அது. தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டு, மாற்றத்துக்கான அவசர உணர்வு என்றெல்லாம் விளக்கவுரை உண்டு. எரிகிற மேடையிலிருந்து அவர் எங்கே குதிக்கச் சொன்னார்? தான் விட்டுவந்த பழைய கம்பெனியின் விண்டோஸ் மென்பொருளுக்குள். 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவித்தது. எலாப் மைக்ரோசாஃப்டுக்கே திரும்பினார். போகும்போது அவருக்குக் கிடைக்கவிருந்த தொகை 1 கோடியே 88 லட்சம் யூரோ என்று அறிவிக்கப்பட்டபோது பின்லாந்து நாடே கொதித்தது. அவர்களுக்காவது கொதிக்கத் தெரிந்திருந்தது.

இங்கே, வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு ஆலையின் சொத்தை முடக்கியது. பிறகு தமிழ்நாடு அரசின் வணிகவரித் துறையும் 2,400 கோடி கேட்டது. வரி நியாயமா அநியாயமா என்பது நீதிமன்றத்து விஷயம். ஆனால் 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தபோது, முடக்கப்பட்ட ஆலையை மைக்ரோசாஃப்ட் வாங்கவில்லை. நோக்கியா கைவிட்டது, மைக்ரோசாஃப்ட் தொடவில்லை. ஆலை நடுவில் நின்றது. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்காகக் கூலிக்குப் போன் செய்தது. பிறகு அந்த ஆர்டரும் நின்றது. 2014 நவம்பர் 1, ஆலை மூடல். அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! அரசாங்க ஆபீசில் ஐம்பது வயதில் வாங்கினாலே, "ஏன் சார், உடம்புக்கு என்ன?" என்று விசாரிப்பார்கள். பக்கத்திலிருந்த பாக்ஸ்கான் ஆலையும் அந்த ஆண்டு முடிவதற்குள் உற்பத்தியை நிறுத்தியது.

கதை இன்னும் முடியவில்லை. 2015 ஜூலையில், அதாவது வாங்கி ஒன்றேகால் வருஷத்தில், அந்தக் கைபேசித் தொழிலின் மதிப்பில் 760 கோடி டாலரை வீண் என்று கணக்கிலிருந்து மைக்ரோசாஃப்ட் தள்ளியது. வாங்குவதாக அறிவித்தபோது சொன்ன விலையைவிட அதிகம். கூடவே 7,800 பேரை அனுப்பியது. ஆக, எந்த மகா உத்திக்காக ஸ்ரீபெரும்புதூரில் கதவடைத்தார்களோ, அந்த உத்தியே குப்பைக்குப் போய்விட்டது. உத்தி வகுத்தவர்களில் ஒருவராவது கல்விக் கடன் தவணைக்கோ குழுக்கடன் தவணைக்கோ பயந்து வீட்டுக்குள் ஒளிந்தாரா என்றால், இல்லை. ஒளிந்தது யார் என்று அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தெரியும்.

வகுப்பில் இது எப்படி வரும்? "ஐபோன் வந்ததை நோக்கியா கவனிக்கவில்லை." அவ்வளவுதான். பதினைந்து மார்க்.

இந்தப் பாடத்தின் சூட்சுமமே அதுதான். எல்லாம் முடிந்தபிறகு அம்புக்குறி போடுவது. ஜெயித்தவன் செய்ததெல்லாம் உத்தி, தோற்றவன் செய்ததெல்லாம் பார்வைக் குறைபாடு. இதைப் பாடத்துறைக்குள்ளேயே ஒருவர் போட்டு உடைத்தும் ஆயிற்று. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சந்தையில் ஹோண்டா எப்படி ஜெயித்தது என்று பிரிட்டன் அரசுக்காக அதே பாஸ்டன் குழு 1975-இல் ஓர் அறிக்கை எழுதியது. உற்பத்தி அளவு, செய்யச் செய்யச் செலவு குறையும் என்கிற அனுபவ வளைவு, குறைந்த செலவு, சின்ன வண்டியில் தொடங்கிப் பெரிய வண்டிக்கு ஏறிய திட்டமிட்ட படையெடுப்பு என்று விளக்கியது. வகுப்பறைகள் அதை வேதமாக ஓதின. பிறகு ரிச்சர்ட் பாஸ்கேல் என்ற ஆய்வாளர் நேரே ஜப்பானுக்குப் போய், அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஹோண்டா ஆட்களையே உட்கார வைத்துக் கேட்டார். 1984-இல் அது கட்டுரையாக வந்தது.

அவர்கள் சொன்னது என்ன? திட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 1959-இல் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கினார்கள். மாதம் 80 டாலர் வாடகையில் ஒரு வீடு, இரண்டு பேர் தரையில் படுத்தார்கள். பெரிய வண்டியை விற்கத்தான் வந்தார்கள். அமெரிக்கர்கள் நெடுந்தூரம் விரட்டி ஓட்டியதில் பெரிய வண்டிகள் எண்ணெய் ஒழுகி, கிளட்ச் போய்ப் படுத்துவிட்டன. கடைக்குப் போய்வரத் தாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த 50 சிசி சின்ன வண்டியைத் தெருவில் பார்த்தவர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். சியர்ஸ் என்ற பெரிய கடைக்காரர்கூடக் கூப்பிட்டுக் கேட்டார். அதை விற்றால் கௌரவக் குறைவு என்று தயங்கி, வேறு வழியில்லாமல் விற்றார்கள். மற்றதெல்லாம் நமக்குத் தெரியும்.

தரையில் படுத்தவர்களின் தடுமாற்றமும் பிடிவாதமும் அதிர்ஷ்டமும் ஒன்றுவிடாமல் துடைக்கப்பட்டு, அனுபவ வளைவு என்ற கோடாக மாறியது. பாஸ்கேல் எழுதி நாற்பது ஆண்டு தாண்டியும் நம் ஊர் நோட்ஸில் வளைவு அப்படியே இருக்கிறது. தரை இல்லை.

சரி, இந்த வித்தையை உலகுக்குப் போதித்த பெரிய குருமார்களாவது தங்கள் வித்தையால் பிழைத்தார்களா? போர்ட்டரும் வேறு சிலரும் சேர்ந்து 1983-இல் மானிட்டர் என்ற ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். போட்டியில் நீடித்த அனுகூலம் பெறுவது எப்படி என்று பெரிய கம்பெனிகளுக்கும் அரசுகளுக்கும் சொல்லித்தருவதுதான் தொழில். லிபியாவின் கடாஃபி ஆட்சிக்கு உலக அரங்கில் முகப்பூச்சு பூசும் வேலையையும் எடுத்துக்கொண்டது. வெளிநாட்டு அரசின் முகவராக அமெரிக்காவில் தன்னைப் பதிவு செய்துகொள்ளாதது பிழை என்று 2011-இல் ஒப்புக்கொண்டது. 2012 நவம்பரில் திவால் மனு. டெலாய்ட் வாங்கிக்கொண்டது. ஐந்து விசைகளில் எது அடித்தது என்று தெரியவில்லை. அடுத்த செமஸ்டரிலும் ஐந்து விசைகள் தவறாமல் நடத்தப்பட்டன.

1982-இல் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் மகோன்னதமான கம்பெனிகள் எப்படியிருக்கும் என்று ஒரு புத்தகம் எழுதி லட்சக்கணக்கில் விற்றார்கள். இரண்டே ஆண்டில் பிசினஸ்வீக் பத்திரிகை அந்த மகோன்னதங்களில் பல தள்ளாடுவதைக் காட்டி அட்டைப்படக் கட்டுரை போட்டது. புத்தகம் தொடர்ந்து விற்றது. என்ரான்? ஃபார்ச்சூன் பத்திரிகை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அமெரிக்காவின் புதுமை மிக்க நிறுவனம் என்று மாலை போட்ட கம்பெனி. அதன் தலைவர் ஜெஃப் ஸ்கில்லிங் ஹார்வர்டு எம்பிஏ, மெக்கின்சியில் இருந்தவர். 2001 டிசம்பரில் திவால். ஸ்கில்லிங் சிறைக்குப் போனார். மெக்கின்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் வலிநிவாரணி மாத்திரை வியாபாரத்தைச் சூடேற்ற பர்டூ நிறுவனத்துக்கு அது ஆலோசனை சொன்னது. அந்த மாத்திரைக்கு அடிமையாகி மக்கள் செத்தார்கள். வழக்குகளைத் தீர்க்க மெக்கின்சி 2021-இல் 57.3 கோடி டாலரும், 2024 டிசம்பரில் மேலும் 65 கோடி டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டது. இன்றைக்கும் நம் உயர்தரக் கல்லூரிகளில் பிள்ளைகளின் கனவுக் கம்பெனி எது என்று கேட்டுப்பாருங்கள்.

இதெல்லாம் அமெரிக்கச் சமாச்சாரம் என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. ஹைதராபாத் இருக்கிறதே. 2008 டிசம்பர் 16 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸின் இயக்குநர் குழு கூடியது. ராமலிங்க ராஜு குடும்பத்தின் இரண்டு மேட்டாஸ் கம்பெனிகளை, சத்யத்தின் பணத்திலிருந்து 160 கோடி டாலர் கொடுத்து வாங்க ஒப்புதல் அளித்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்த சுயேச்சை இயக்குநர் எம். ராம்மோகன் ராவ், இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் அப்போதைய டீன். இன்னொரு இயக்குநர் கிருஷ்ண பலேபு, ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர், கம்பெனி நிர்வாக நெறி பற்றி எழுதுபவர். பங்குதாரர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. மூன்று வாரத்தில், 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் 7,000 கோடி ரூபாய் அளவுக்குப் பொய் எழுதியிருக்கிறேன் என்று ராஜுவே கடிதம் கொடுத்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நல்ல நிர்வாக நெறிக்காகத் தங்க மயில் விருது வாங்கியிருந்தது அந்தக் கம்பெனி.

மோசடியில் அந்தப் பேராசிரியர்களுக்குப் பங்கு உண்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை. என் புகாரும் அதுவல்ல. நிர்வாகத்தை உலகுக்கே சொல்லித்தருகிறவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தும், 7,000 கோடி ஓட்டை கண்ணில் படவில்லை. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிக்கு, கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் ராத்திரிக்குள் தெரிந்துவிடும். அவருக்குக் கட்டம் போடத் தெரியாது, பாவம்.

ராம்மோகன் ராவ் டீனாக இருந்த அதே இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸை நிறுவியவர்களில் முதன்மையானவர் ரஜத் குப்தா, மெக்கின்சியின் முன்னாள் உலகத் தலைவர். 2012-இல் உள்வணிகக் குற்றத்துக்காக அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டு சிறை விதித்தது. நிறுவும் பணியில் அவரோடிருந்த அனில் குமார், அவரும் மெக்கின்சி, அதே வளையத்தில் 2010-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கல்லூரிச் சுவரில் மாட்டும் படங்களைத் தேர்ந்தெடுப்பதும் கடினமான உத்திச் சிக்கல்தான்.

உச்சியை விட்டு இறங்கி, நம் தெருவுக்கு வருவோம். இந்தப் பாடத்தை நடத்தும் சாதாரணத் தனியார் கல்லூரி ஆசிரியரைப் பாருங்கள். அவர் மேல் எனக்குக் கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம். முனைவர் பட்டம், நெட் தேர்வு எல்லாம் இருக்கும். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, சில மாதம் வரவும் வராது. ஏப்ரல், மே வந்தால் பல கல்லூரிகளில் அவருக்கு அட்மிஷன் டார்கெட் உண்டு. வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஆர்ட்ஸ் காலேஜ் கடைசி ஆண்டுப் பிள்ளைகளின் போன் நம்பர் வாங்கி, "நம்ம காலேஜ்ல சேருங்கம்மா, ப்ளேஸ்மெண்ட் கேரண்டி" என்று பேச வேண்டும். இத்தனை ஆளைக் கொண்டுவராவிட்டால் இன்க்ரிமெண்ட் இல்லை, சில இடங்களில் வேலையே இல்லை. ஜூலையில் அதே மனிதர் வந்து நின்று, வாங்குபவரின் பேர வலிமை, விற்பவரின் பேர வலிமை என்று பாடம் எடுக்கிறார். தன் சம்பளத்தைப் பற்றித் தாளாளரிடம் வாய் திறக்க முடியாதவர் எடுக்கும் பேர வலிமைப் பாடத்துக்கு இணையான அங்கதத்தை என்னால் எழுத முடியாது.

பிள்ளை படித்து முடித்ததும் ப்ளேஸ்மெண்ட். கல்லூரி ஃபிளெக்ஸில் எல்லோரும் கோட்டுப் போட்டுச் சிரிப்பார்கள். கம்பெனிகளின் முத்திரைகள் வரிசையாக இருக்கும். நேரில் கேட்டால், தனியார் வங்கியில் சேல்ஸ் ஆபீசர். மாதம் இத்தனை சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டும், இத்தனை இன்சூரன்ஸ் தள்ள வேண்டும். சித்தப்பாவுக்கு ஒரு பாலிசி, பத்தாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு பாலிசி, கூடப் படித்தவனுக்கு ஒரு கிரெடிட் கார்டு. தெரிந்தவர்கள் தீர்ந்தபிறகு என்ன செய்வது என்பதற்கு மேட்ரிக்ஸ் எதிலும் விடை இல்லை. காலை ஒன்பதுக்கு மேனேஜர் கால் போட்டு, "உன் நம்பர் எங்கே?" என்று கத்துவார். அந்த மேனேஜரும் எம்பிஏதான். அவருக்கு மேலேயும் ஒரு எம்பிஏ, அவருக்கும் ஒரு நம்பர்.

சிஇஓ மாதிரி யோசி என்று சொல்லிக்கொடுத்ததன் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் வெளிப்படும். பையனை வேலையை விட்டு எடுத்தால், அவன் கோபப்பட மாட்டான். கம்பெனியின் நிலைமையைக் கம்பெனியைவிட நன்றாக அவனே விளக்குவான். "மார்க்கெட் கண்டிஷன் அப்படி சார், செலவைக் குறைச்சுத்தானே ஆகணும்" என்பான். தன் கழுத்துக்கு வந்த கத்தியின் கூர்மையை மெச்சும் அளவுக்கு அவனைப் பக்குவப்படுத்தி இருக்கிறோம். சங்கம் என்றால் அவனுக்கு அருவருப்பு. லேபர் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நோட்டீஸ் பீரியட் சம்பளத்தைக் கேட்டு வாங்கக்கூடக் கூச்சம். இரண்டு வருஷமும் அவனை எந்தக் கேஸிலும் ஒருமுறைகூட ஆலைத் தொழிலாளியின் இடத்தில் உட்கார வைக்கவில்லை. எப்போதும் தலைவர் நாற்காலி. அந்த நாற்காலி அவனுக்குக் கிடைக்கப்போவதில்லை என்று சிலபஸ் போட்டவர்களுக்கும் தெரியும், நடத்தியவருக்கும் தெரியும். வெட்டுகிறவனின் கண்ணால் பார்க்கப் பழகியவன் வெட்டுப்படும்போது சத்தம் போட மாட்டான். இந்தச் சௌகரியத்துக்காகவே முதலாளிகள் சேர்ந்து இந்தப் படிப்புக்குக் காசு கொடுக்கலாம். ஆனால் காசு கொடுப்பதும் அரியலூர் ஓட்டு வீடுதான்.

2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது. ஏறக்குறைய 4,000 பேருக்குப் பாதிப்பு என்றது. மறைமலை நகர் ஆலை 2022 ஜூலையில் நின்றது. ஆலை வாசலில் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்தபோது, எந்த மேலாண்மைத் துறையும் மாணவர்களை அங்கே அழைத்துப்போய் உட்கார வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. இண்டஸ்ட்ரியல் விசிட் என்றால் பிஸ்கட் கம்பெனி, பால் பண்ணை, திரும்பும் வழியில் ஊட்டி.

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, சுமார் 12,000 பேரை, வெளியே அனுப்பப்போவதாகச் சொன்னது. பெரும்பாலும் நடுத்தட்டும் மேல்தட்டும். எதிர்காலத்துக்குத் தயாராகும் நிறுவனமாக மாறுகிறோம் என்றார்கள். நடுத்தட்டு என்றால் யார்? இருபது வருஷம் முன்னால் இதே தாளை எழுதிப் பாஸானவர்களும் அதில் உண்டு. ஒருகாலத்தில் நாலு கட்டம் வரைந்தவரை இப்போது நாலாவது கட்டத்தில் யாரோ வரைந்துவிட்டார்கள். ஈஎம்ஐ கட்டும் வீடு ஒன்று, இங்கிலீஷ் மீடியம் பிள்ளை இரண்டு.

யாராவது இந்நேரம் சொல்வார்கள்: இதெல்லாம் தெரியாமலா பாடம் வைத்திருக்கிறார்கள், கருவியின் மேல் பழி போடாதே, பயன்படுத்துகிறவனைப் பார் என்று. பார்க்கிறேன். ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடாப் பேராசிரியர், இந்தத் துறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர், அனுபவமே இல்லாத இளம் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் நிர்வாகம் சொல்லித்தர முடியாது என்று 2004-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதிவிட்டார். நம் சிலபஸில் அவர் பெயரும் இருக்கிறது. உத்தி பற்றி அவர் சொன்ன ஐந்து பி-க்களைப் பட்டியலிடுக, இரண்டு மார்க். அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேள்வி கிடையாது.

பாடத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒரு தொழில் ஏன் வாழ்கிறது, ஏன் சாகிறது என்று படிப்பதைவிடச் சுவையான படிப்பு உண்டா? நோக்கியாவையே நடத்துங்கள். கூடவே வரித்துறை கடிதத்தை நடத்துங்கள், மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை நடத்துங்கள், விருப்ப ஓய்வுக் கணக்கை நடத்துங்கள். அரசு எவ்வளவு சலுகை கொடுத்து ஆலையை வரவழைத்தது, போகும்போது என்ன திரும்பக் கிடைத்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். வகுப்பைப் பாதியாகப் பிரித்து, பாதிப் பேரை நிர்வாகமாகவும் பாதிப் பேரைச் சங்கமாகவும் உட்கார வைத்துப் பேரம் பேசச் சொல்லுங்கள். அந்தக் கண்டக்டர் மகள் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகப் பேசுவாள் என்று அப்போது தெரியும்.

துறைத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த செமஸ்டர் கெஸ்ட் லெக்சருக்கு ஆள் தேடுவீர்கள். வழக்கம்போல ஏதாவது ஒரு கம்பெனியின் துணைத் தலைவரைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, ஃபிளைட் டிக்கெட்டும் கவரும் கொடுப்பீர்கள். இந்த முறை அவரை விட்டுவிடுங்கள். நோக்கியாவில் ஷிப்ட் பார்த்து, இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு பெற்ற பெண்களில் ஒருவரை அழையுங்கள். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி எந்த ஊரில் கேட்டாலும் கிடைப்பார். கவரில் வைக்கும் தொகை மட்டும் துணைத் தலைவருக்குக் கொடுப்பதைவிடக் குறையாமல் இருக்கட்டும்.